தாயின் தொழில்: இல்லை

எங்கள் வீட்டில் தொழில் செய்பவர் ஒருவர்தான் என்று நாங்கள் எல்லோரும் நம்பினோம். அவர் அப்பா. அண்ணா நம்பினான், நான் நம்பினேன், அயலவர்கள் நம்பினார்கள். எல்லோரையும் விட உறுதியாக நம்பியவர் அம்மா.

மன்னார்த் தீவில் எங்கள் கரையோரத்தில் தொழில் என்ற சொல்லுக்குப் பொருள் ஒன்றுதான்: வள்ளம் ஏறிக் கடலுக்குப் போவது. வாத்தியார் படிப்பித்தார், தச்சர் தச்சுவேலை செய்தார், கந்தோரில் இருந்தவர்கள் உத்தியோகம் பார்த்தார்கள். தொழிலுக்குப் போனவர்கள் மீனவர்கள் மட்டுமே. அப்பா எங்கே என்று யாராவது படலையில் நின்று கேட்டால் "தொழிலுக்குப் போயிட்டார்" என்போம். அம்மா எங்கே என்று கேட்டால் "கரைக்குப் போயிட்டா" என்போம். இரண்டு பதில்களுக்கும் நடுவில் இருந்த தூரத்தை நாங்கள் ஒருநாளும் அளந்து பார்த்ததில்லை.

அம்மா கரைக்குப் போனது இப்படித்தான். வத்து நேரத்தில் கடல் பின்வாங்கும்போது சேறும் மணலும் கலந்த நீண்ட திடல் வெளியே தெரியும். அப்பாவின் பழைய முழுக்கைச் சட்டையைப் பாவாடைக்கு மேல் போட்டு, தலையில் துவாயைச் சுற்றி, வளைத்த இரும்புக் கம்பியும் வாளியுமாக அம்மா அதில் இறங்குவார். கம்பியால் கிண்டி மட்டிச் சிப்பி எடுப்பார். சில நாட்களில் இடுப்பளவு தண்ணீருக்குள் நடந்துபோய்ச் சின்ன நண்டு வலை ஒன்றைக் கட்டிவிட்டு வருவார். திரும்ப இரண்டு மூன்று மணித்தியாலம் ஆகும். அவ்வளவு நேரமும் முதுகு வளைந்தபடியே இருக்கும். பிறகு மட்டியை அவித்து, ஓட்டை நீக்கி, சதையை நாலு தண்ணீரில் கழுவி எடுக்க வேண்டும். விரல் நுனிகளில் எந்நேரமும் சின்னச் சின்ன வெட்டுக்காயம் இருந்தது. அந்தக் கையால் தலைவாரிவிடும்போது மயிர் கொளுவும் என்று நான் முகம் சுளித்தது நினைவிருக்கிறது.

ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது பள்ளிக்கூடத்தில் ஒரு படிவம் தந்தார்கள். தந்தையின் தொழில், தாயின் தொழில் என்று இரண்டு வரிகள். முதலாவதில் மீன்பிடி என்று எழுதிவிட்டு அம்மாவைப் பார்த்தேன். அவர் அடுப்படியில் குந்தியிருந்து மட்டி உடைத்துக்கொண்டிருந்தார்.

"இல்லை எண்டு எழுது, பிள்ளை. வடிவா எழுது. உன்ர கோழி கிண்டின எழுத்தில எழுதாத."

வடிவாகவே எழுதினேன். தாயின் தொழில்: இல்லை. அதற்குப் பிறகு வந்த எத்தனையோ படிவங்களிலும் அதையே எழுதினேன்.

வளர்ந்து, வவுனியாவில் தங்கிக் கணினி படித்தேன். இரண்டாம் வருடத்தில் ஒரு வகுப்பில் மெதட் ஓவர்லோடிங் படிப்பித்தார்கள். நிரல் எழுதாதவர்களுக்காக அதைச் சற்று விளக்குகிறேன். நிரலில் ஒரு வேலைக்கு ஒரு பெயர் வைக்கிறோம். அந்தப் பெயருள்ள வேலையைத்தான் மெதட் என்கிறோம். 'வெட்டு' என்று ஒரு மெதட் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அதன் கையில் மரத்தைக் கொடுத்தால் கோடரியை எடுக்க வேண்டும். நகத்தைக் கொடுத்தால் நகவெட்டியை எடுக்க வேண்டும். தலைமயிரைக் கொடுத்தால் கத்தரிக்கோலை எடுக்க வேண்டும். மூன்று வேலைகளையும் தனித்தனியே எழுதுகிறோம். ஆனால் மூன்றுக்கும் வெட்டு என்ற ஒரே பெயரை வைக்க மொழி அனுமதிக்கிறது. நாம் எழுதியதை வாசித்துச் சரிபார்க்கும் தொகுப்பான், கையில் கொடுக்கப்பட்டது என்ன என்று பார்த்து, எந்த வெட்டு என்று தானே தெரிந்துகொள்ளும்.

எனக்கு அது மிகவும் பிடித்துப்போனது. வேறு வேறு பொருள்களோடு வந்தவர்களை வாசலில் நிறுத்தி வேறு வேறு பெயர் சூட்டாமல், ஒரே பெயர் சொல்லி உள்ளே அழைக்கும் ஒரு வீட்டைப்போல அது தோன்றியது. அந்தக் கிழமை வீட்டுக்குப் போனபோது அம்மாவிடம் சொன்னேன்.

"ஓவர்லோட் எண்டா பொலிஸ் பிடிக்காதோ?" என்று கேட்டார்.

"இது லொறிக்கில்லை அம்மா. பேருக்கு."

"பேருக்கும் பாரம் ஏத்துறாங்களோ? நல்ல படிப்பு."

மட்டி அவிந்த புகைக்குள் இருந்து சிரித்தார். நானும் சிரித்தேன்.

அப்பா இறந்தபோது நான் கொழும்பில் வேலை செய்துகொண்டிருந்தேன். அண்ணா பிரான்சுக்குப் போய்ப் பல வருடங்கள் ஆகியிருந்தன. அம்மாவைத் தனியே விட மனமில்லாமல் திரும்பி வந்தேன். கொழும்பிலிருந்த அதே நிறுவனத்துக்கு வீட்டு விறாந்தையில் ஒரு மேசை போட்டு இன்றுவரை வேலை செய்கிறேன். அப்பாவின் வள்ளம் மரை கழன்று, பலகை விட்டு, உதவாமல் போய்விட்டது. அதைப் பிரித்து விற்றோம். அதன் இலக்கத்தைச் சங்கத்துப் பதிவேட்டில் வெட்டிவிட்டார்கள்.

சங்கம் என்பது எங்கள் கரையின் மீனவர் சங்கம். அதன் செயலாளர் அம்மாவின் தம்பி, என் மாமா. நல்ல மனிதர், கோபம் வந்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார், அதற்கு மேல் போகமாட்டார். சங்கத்துப் பதிவுக் கொப்பிகளைக் கரையான் தின்னுகிறது, எல்லாவற்றையும் கணினியில் ஏற்றித் தா என்று அவர் கேட்டபோது நான் மகிழ்ச்சியோடு ஒப்புக்கொண்டேன். இரண்டு மூன்று வார இறுதிகளில் எழுதி முடித்தேன். அந்த நிரலின் நடுவில் 'பதி' என்ற ஒரு மெதட் இருந்தது. ஒருவருடைய பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் படகையும் அதன் கையில் கொடுத்தால், அது அவரை மீனவராகப் பதிவேட்டில் ஏற்றி, வரிசை இலக்கம் போட்டு, ஒரு அட்டையை அச்சடிக்கும். படகு இல்லாவிட்டால் ஏற்றாது.

படகைக் கட்டாயமாக்கும்படி மாமா என்னிடம் சொல்லவில்லை. யாருமே சொல்லவில்லை. நான் யோசிக்காமலே எழுதினேன். எழுதிக்கொண்டிருந்தபோது அம்மா சேறு காயாத காலோடு வந்து, மேசையில் தேத்தண்ணியை வைத்துவிட்டுப் போனார்.

அதற்கு அடுத்த வருடம் கரையில் அறிவித்தல் பலகை ஒன்று நட்டார்கள். இறால் பண்ணை ஒன்று வரப்போகிறது, கரையை ஒட்டி வேலி அடைக்கப்படும் என்று அதில் இருந்தது. அம்மா இறங்கும் திடல் அந்த வேலிக்கு அப்பால் போய்விடும். பலகையின் கடைசி வரியில், சங்கத்தின் மீனவர் பதிவேட்டில் பெயர் உள்ளவர்களுக்கு மட்டும் வேலியில் பாதை விடப்படும் என்று எழுதியிருந்தார்கள். வேலியே வேண்டாம் என்று ஊர் சத்தம் போட்டது, மகஜர் எழுதியது. வேலி வருவதை அதனால் நிறுத்த முடியவில்லை. எஞ்சியிருந்தது அந்தப் பாதை ஒன்றுதான்.

அம்மா ராத்தாவைக் கூட்டிக்கொண்டு பெயர் பதியச் சங்கத்துக்குப் போனார். ராத்தா அம்மாவோடு கரையில் இறங்குபவர். சிலாவத்துறைப் பக்கத்தில் பிறந்து, சண்டைக் காலத்தில் புத்தளத்துக்கு இடம்பெயர்ந்து, பல காலம் கழித்து இங்கே கலியாணம் முடித்து வந்த முஸ்லிம் பெண். அவருடைய ஊரில் மூத்த சகோதரியை ராத்தா என்பார்கள். அம்மா அப்படிக் கூப்பிட்டுக் கூப்பிட்டு, எங்கள் கரை முழுவதற்கும் அவர் ராத்தா ஆனார்.

ஒரு மணித்தியாலத்தில் இருவரும் திரும்பி வந்தார்கள். அம்மா நேரே கிணற்றடிக்குப் போனார். ராத்தாதான் விறாந்தைக் கதிரையில் தொப்பென்று இருந்து சொன்னார்.

"மகள், உங்கட மெசின் எங்களை வேணாமெண்டு சொல்லிட்டுது. சிவப்பு எழுத்தில சொல்லிட்டுது. படகு இல்லையாம். மாமா பாவம், உங்கட வாப்பாட வள்ள நம்பரையும் போட்டுப் பாத்தார். அது மௌத்தாப்போன வள்ளமாம். அதையும் மெசின் கண்டுபிடிச்சிட்டுது. கெட்டிக்கார மெசின்."

மௌத்து என்றால் இறப்பு. சொல்லிவிட்டு ராத்தா சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அந்தச் சிவப்பு வரியின் சொற்களை நான்தான் தெரிந்தெடுத்திருந்தேன்: படகு இலக்கம் கட்டாயம்.

அம்மா முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

"நீ எழுதினதுதானே, பிள்ளை," என்றார்.

"ஓம், அம்மா."

"பிழை எண்டு சொல்லேல்லை. அது சரியாத்தானே எழுதியிருக்கு. எங்களிட்ட வள்ளம் இல்லைத்தானே."

கோபித்திருந்தால் தாங்கியிருப்பேன். அவர் எனக்குச் சார்பாகப் பேசினார். அன்று பின்னேரமே மாமாவிடம் போனேன்.

மாமா சங்கத்து அறையில் தனியே இருந்தார். நான் வாயைத் திறக்கும் முன்னரே தீர்வோடு காத்திருந்தார்.

"யோசிச்சு வச்சிருக்கிறன், மகள். நீ இன்னொண்டு எழுது. உதவியாளர் எண்டு பேர் போடுவம். பொம்பிளையளை அதில பதிவம். அவையளுக்கும் ஒரு லிஸ்ட் இருக்கும். ஒருத்தருக்கும் மனவருத்தம் இல்லை."

"ஆருக்கு உதவியாளர், மாமா?"

"என்ன?"

"அம்மா ஆருக்கு உதவி செய்யிறா? அப்பா செத்து நாலு வருசம்."

மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "பேரில என்ன இருக்கு? பதிஞ்சாச் சரிதானே."

"பலகையில என்ன எழுதியிருக்கு எண்டு வாசிச்சனீங்களோ? மீனவர் பதிவேட்டில பேர் உள்ளவைக்குத்தான் பாதை. உதவியாளர் லிஸ்டைக் கொண்டுபோனா வேலிக்கு இந்தப் பக்கம் நிண்டு கடலைப் பாக்கலாம்."

"அப்ப மீனவர் எண்டே பதியச் சொல்லுறியோ? நாங்கள் ஆழக்கடலுக்குப் போய் வள்ளம் நிறையக் கொண்டுவாறம். அவையள் ஒரு வாளி கொண்டுவருவினம். ரெண்டும் ஒண்டோ? கொண்டுவாறதைப் பாத்தெண்டாலும் வித்தியாசம் வைக்கவேணுமே, மகள்."

நான் அவருக்குச் சொன்ன மறுமொழி, வாதத்துக்காகக் கட்டியது போலத் தோன்றலாம். ஆனால் அது நான் தினமும் வேலை செய்யும் மொழியின் விதி. ஒரே பெயருள்ள இரண்டு மெதட்களை, அவை திருப்பிக் கொண்டுவருவதை மட்டும் வைத்துத் தொகுப்பானால் பிரித்தறிய முடியாது. அப்படி எழுதினால் ஏற்காது. கையில் எதைக் கொண்டு வருகிறார்கள் என்பதைத்தான் அது பார்க்கும். ஒருவர் படகோடு வருகிறார், இன்னொருவர் வேறொன்றோடு வருகிறார். அந்த வேறுபாடு போதும், பெயர் ஒன்றாகவே இருக்கலாம்.

"கொண்டுவாறதை மெசின் பாக்காது, மாமா. கடலுக்கு என்னத்தோட போறியள் எண்டுதான் பாக்கும்."

"மெசின் அப்பிடிச் சொல்லுதோ, நீ சொல்லுறியோ?"

"ரெண்டு பேரும் சொல்லுறம்."

"அப்ப நான் வேற ஆளைக் கொண்டு உதவியாளரை எழுதுவிக்கிறன்."

"எழுதுவியுங்கோ. என்ர கையால அந்தப் பேரை எழுதமாட்டன்."

மாமாவோடு என் வாழ்க்கையில் நான் குரல் உயர்த்தியது அந்த ஒரு முறைதான். வீட்டுக்கு நடந்து வரும்போதும் சொன்னது சரி என்றே எனக்குப் பட்டது.

மறுநாள் காலை வேலையைத் தொடங்கினேன். எளிதான வழி ஒன்று இருந்தது. படகு என்ற இடத்தை வெறுமையாக விட்டாலும் பதியும்படி பழைய மெதட்டைத் தளர்த்திவிடலாம். ஐந்து நிமிட வேலை. அப்படிச் செய்தால் அம்மா படகு இல்லாத மீனவர் ஆவார். பதிவேட்டில் அவருக்கு எதிரே ஒரு வெற்றிடம் இருக்கும். அந்த வெற்றிடத்தை எந்தக் கூட்டத்திலும் எவரும் சுட்டிக்காட்டலாம். அது எனக்குப் போதவில்லை. ஆகவே பழைய 'பதி'யின் கீழே, அதே 'பதி' என்ற பெயரில் இரண்டாவது மெதட்டை எழுதத் தொடங்கினேன். முதலாவது படகை வாங்கிக்கொள்ளும். இரண்டாவது 'கரை' என்ற ஒன்றை வாங்கிக்கொள்ளும். அந்தக் கரைக்குள் என்ன இருக்க வேண்டும் என்று தெரியாததால், சோதித்துப் பார்ப்பதற்காக அந்த இடத்தில் 'ஒன்றுமில்லை' என்ற வெற்று மதிப்பைக் கொடுத்து ஓட்டினேன்.

தொகுப்பான் நின்றுவிட்டது. ஒன்றுமில்லை என்பது படகுக்கும் பொருந்தும், கரைக்கும் பொருந்தும். இரண்டில் எதைச் சொல்கிறாய் என்று தெரியவில்லை என்று அது பிழை காட்டியது. படிக்கும் காலத்தில் இந்தப் பிழையைப் பலமுறை கண்டு எரிச்சல்பட்டிருக்கிறேன். அன்று அது சொன்னது சரி என்று பட்டது: அம்மா எதோடு கடலுக்குப் போகிறார் என்று நான் இன்னும் சொல்லவே இல்லை. பிறகு எழுந்து அடுப்படிக்குப் போனேன்.

"அம்மா, கரைக்குப் போகேக்க என்னென்ன கொண்டுபோவீங்கள்?"

"என்ன கேள்வி இது? கம்பியும் வாளியும்."

"வேற?"

"வேற என்ன? துவாய்."

"எங்க இறங்குறது எண்டு எப்பிடித் தெரியும்?"

கையிலிருந்த அகப்பையைக் கீழே வைத்தார். தேவாலயத்துக்கு நேரே உள்ள திடலில் வெள்ளை மட்டி என்றார்; அதற்குக் கிழக்கே சேறு ஆழம், புதிதாக வருபவர் கால் புதைந்துவிடுவார். பூரணை கழிந்த மூன்றாம் நாள் தண்ணீர் எவ்வளவு தூரம் போகும், எந்த மாதத்தில் மட்டி சினையோடு இருக்கும், அப்போது எந்த இடத்தைத் தொடாமல் விட வேண்டும், நண்டு வலையை எந்தக் காற்றுக்கு எந்தப் பக்கமாகச் சாய்த்துக் கட்டுவது என்றெல்லாம் சொல்லிக்கொண்டே போனார். குழம்பு அடிப்பிடித்தது. நான் கொப்பியில் எழுதிக்கொண்டிருந்தேன். இத்தனை வருடங்கள் ஒரே வீட்டில் இருந்து இவற்றில் ஒன்றைக்கூட நான் கேட்டதில்லை.

'கரை'க்குள் மூன்று விடயங்களை வைத்தேன்: இறங்கும் இடம், கைக்கருவி, வத்தைப் பார்த்து இறங்கும் நீர்நேரம். மூன்றும் கட்டாயம். இவை தெரியாத ஒருவர் பெயர் சேர்ப்பதற்காக வந்து பொய் சொல்லிப் பதிய முடியாது; அதை மாமாவுக்காகவும் யோசித்தேன். மற்ற எல்லாவற்றிலும் இரண்டு மெதட்களும் ஒன்றே. ஒரே பெயர், ஒரே பதிவேடு, ஒரே வரிசை இலக்கம், ஒரே நிற அட்டை. அன்று மாலைக்குள் சங்கத்துக் கணினியில் அதை ஏற்றினேன். ஏற்றிவிட்டு மாமாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன்.

அவர், "ஞாயிற்றுக்கிழமை பண்ணைக்காரர் லிஸ்ட் பாக்க வருவினம். எல்லாருக்கும் முன்னால வச்சுக் கேப்பம்," என்றார்.

ஞாயிறு பூசை முடிந்து சனம் அப்படியே சங்க மண்டபத்துக்கு வந்தது. பண்ணை நிறுவனத்திலிருந்து ஒரு இளைஞர் கோப்போடு வந்திருந்தார். பெயர்களை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டு உறுதிப்படுத்துவது ஏற்பாடு. ஆண்களின் பெயர்கள் விரைவாகப் போயின. பிறகு புதிதாகப் பதியக் கேட்டவர்களில் அம்மாவின் பெயர் வந்தது. பெண்களில் அதுதான் முதலாவது. அது ஏற்கப்பட்டால் மற்றவையும் ஏற்கப்படும் என்று எல்லோருக்கும் தெரியும்.

இளைஞர் மரியாதையாகக் கேட்டார். "அம்மா, உங்கட தொழில்?"

"தொழிலோ?" என்றார் அம்மா. "தொழில் இல்லை, தம்பி. நான் கரைக்குத்தான் போறனான்."

பின்வரிசையில் யாரோ வாய்விட்டுச் சிரித்தார்கள். "அவவே சொல்லிட்டா, முடிஞ்சுது அலுவல்!" என்று ஒரு குரல். இளைஞரின் பேனா கோப்பின் மேல் இறங்கியது. மாமா தலை குனிந்திருந்தார். அவர் வெற்றியடைந்தவரைப்போலத் தெரியவில்லை.

நான் எழுதிய நிரலில் எல்லாம் சரியாக இருந்தது. ஆனால் அம்மாவின் வாயில் அந்தச் சொல்லுக்கு இன்னும் ஒரே பொருள்தான் இருந்தது. அதை நான் எந்த வரியிலும் மாற்றி எழுத முடியாது. எழுந்து பேச வாயெடுத்தேன். ராத்தா என் முழங்கையைப் பிடித்து இழுத்து இருத்தினார்.

"இரிங்க, மகள். உங்கட உம்மாக்கு வாயில்லையா?"

அம்மா இன்னும் நின்றுகொண்டிருந்தார். சிரித்தவர்களின் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு மாமாவைப் பார்த்தார்.

"தம்பி, நான் உன்னட்ட ஒண்டு கேக்கட்டோ?"

"கேளுங்கோ, அக்கா."

"கச்சான் காத்து எழும்பினா உங்கட வள்ளங்கள் எங்க நிக்கும்?"

"கரையிலதான்."

"எவ்வளவு காலம்?"

"மாசக் கணக்கா நிக்கும். அது தெரிஞ்சதுதானே."

"அந்த மாசங்களில உன்ர வீட்டுச் சட்டிக்குள்ள கொதிச்சது என்ன?"

மாமா மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை.

"சொல்லன். உன்ர மனுசி என்னோட இறங்கினவதானே. உன்ர ரெண்டு பெடியளும் என்னத்தைத் திண்டு வளந்தவங்கள்?"

"மட்டி, அக்கா."

"அங்க பின்னால சிரிச்சவர் ஆர்? எழும்புங்கோ பாப்பம். உங்கட வீட்டில?"

ஒருவரும் எழும்பவில்லை. அம்மா அந்த இளைஞரிடம் திரும்பினார். குரல் உயரவில்லை, படிவத்துக்கு வடிவாக எழுது என்று எனக்குச் சொன்ன அதே குரல்.

"தம்பி, நான் பிழையாச் சொல்லிப்போட்டன். வெட்டிப்போட்டு எழுதுங்கோ. தொழில், கடல் தொழில். நாப்பது வருசமாச் செய்யிறன்."

"வள்ளம், அம்மா?" என்று அவர் தயங்கினார்.

"வள்ளம் இல்லை. இடம் கேளுங்கோ, சொல்லுறன். நேரம் கேளுங்கோ, சொல்லுறன். உங்கட வேலி எந்தச் சேத்தில நிக்காது எண்டும் சொல்லுறன், வேணுமெண்டாக் குறிச்சுக்கொள்ளுங்கோ."

"அல்லாவே, அதைச் சொல்லிக்குடுக்காதீங்க!" என்று ராத்தா கத்தினார். இந்த முறை மண்டபம் முழுவதும் சிரித்தது. மாமா கணினியின் முன்னால் போய் இருந்தார். இடம், கருவி, நீர்நேரம் என்று ஒவ்வொன்றாகச் சத்தமாகக் கேட்டு, அம்மா சொல்லச் சொல்ல, இரண்டு விரல்களால் தட்டினார். அட்டை அச்சாகி வந்தபோது அதை எடுத்து அக்காவின் கையில் தானே கொடுத்தார். அம்மாவுக்கு முன் கடைசியாகப் பதியப்பட்ட ஆணின் இலக்கத்துக்கு அடுத்த இலக்கம் அதில் இருந்தது. அன்று பதினான்கு பெண்கள் பதிந்தார்கள். மாமியும் அதில் ஒருவர்.

வேலி வந்தது. அதில் ஒரு பாதையும் வந்தது. இரண்டு பேர் வாளியோடு சேர்ந்து போக இடம் போதாத ஒடுக்கமான பாதை. தொடக்கத்தில் காவலுக்கு நின்றவர் பெண்களின் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார், இப்போது பார்ப்பதில்லை. சங்கத்தின் நிருவாகக் குழு பெண்களின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அடையாளம் போட்டுத் தரும்படி பின்னர் என்னைக் கேட்டது. பட்டியலை வாசிக்க வசதியாக இருக்குமாம். மாட்டேன் என்றேன். நிரலைத் திறக்கும் கடவுச்சொல்லை ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, மாற்ற விரும்புகிறவர் தன் கையால் மாற்றட்டும் என்றேன். தாள் மாமாவின் மேசை லாச்சிக்குள் இருக்கிறது. இதுவரை யாரும் மாற்றவில்லை. மாற்றினால் அது எனக்குத் தெரியவரும். அன்றைக்கு மீண்டும் அந்த மண்டபத்தில் போய் நிற்பேன்.

அந்தப் பதினான்கு பேரில் ஒருவர் இறந்துவிட்டார். இருவர் பிள்ளைகளோடு வெளிநாடு போய்விட்டார்கள். ராத்தாவுக்கு முழங்கால் இடம் கொடுக்காததால் அவர் இறங்குவதில்லை. பாதை தொடங்கும் இடத்தில் உட்கார்ந்திருந்து, யார் எவ்வளவு கொண்டுவருகிறார்கள் என்று பகிடி பண்ணுகிறார். மிச்சமுள்ள பத்துப் பேர் இறங்குகிறார்கள். அம்மா அவர்களில் ஒருவர்.